படிவத்தின் ஒன்பதாவது கேள்வி

மார்ச் 4

அண்ணனுக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேசுவதற்கு இல்லை. போனில் உன் எண்ணை நான் தடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்விக்காக அதை எடுத்துவிட மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம். பதிலையும் கடிதமாகவே போடு.

கண்ணுக்கு லேசர் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன். ஏப்ரல் 12, காலை ஒன்பது மணிக்கு. தீயணைப்புத் துறைத் தேர்வில் எழுத்து, ஓட்டம், மூட்டை தூக்கிப் படி ஏறுவது எல்லாம் தாண்டிவிட்டேன். மிச்சம் கண் பரிசோதனை மட்டும்தான், ஜூலை 15-ல். கண்ணாடியோ லென்ஸோ இல்லாமல் எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரியைப் படிக்க வேண்டும். இப்போது கண்ணாடியைக் கழற்றினால், பலகை எந்தச் சுவரில் இருக்கிறது என்றே நான் தேட வேண்டியிருக்கும். மைனஸ் ஐந்தரை. ஆபரேஷன் செய்து மூன்று மாதம் ஆன பிறகுதான் பரிசோதனைக்கே விடுவார்கள். ஏப்ரல் 12-ஐ விட்டால் இந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும்.

ஆஸ்பத்திரியில் நான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். ஒன்பதாவது கேள்வி மட்டும் நிரப்பாமல் கிடக்கிறது: பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது கருவிழிப் படலத்தில் நோய் உண்டா?

அம்மா கடைசி வரை ஊசியில் தானே நூல் கோத்தவள். அப்பாவுக்குக் கண்புரை, வயதானால் எல்லோருக்கும் வருவது. உடன்பிறந்தோர் என்றால் நீ ஒருத்தன்தான். ஒரே வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினாய். பிறகு ஒருநாள் கண்ணாடியே இல்லாமல் வந்து நின்றாய். அது என்ன? உண்டா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

அப்பா நன்றாக இருக்கிறார். இடது கை அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்கமாட்டாய் என்று நானே எழுதிவிட்டேன்.

உன் தங்கை


மார்ச் 9

வாலுவுக்கு,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, பிரிக்காமலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். உன் அண்ணிதான் பிரித்தாள்.

இங்கே மூன்று நாளாகக் காற்று. காற்று வேகம் எடுத்தால் கிரேனை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். மேலே கேபினில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். கட்டடம் பத்தொன்பதாவது மாடி வரை வந்துவிட்டது. இன்னும் ஐந்து மாடி.

தேர்வில் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குப் பெருமைதான். சின்ன வயதில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டவள் நீ. உன்னால் எதுவும் முடியும். ஆனால் இந்த லேசர் வேண்டாம். இருக்கிற கண்ணை எதற்குச் சீவிக்கொள்ள வேண்டும்? என்னோடு வேலை பார்க்கிற வெல்டர் ஒருத்தருடைய மச்சினிக்குச் செய்தார்களாம். இன்னும் கண் எரிகிறது என்கிறாளாம். நீச்சல் குளத்து லைஃப்கார்டு வேலை நிரந்தரமானதுதானே? அப்பாவையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடிகிறது. யோசித்துச் செய்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணனுக்கு,

நான் கேட்டது உண்டா இல்லையா என்று. நீ எழுதியது காற்று, வெல்டர், வெல்டரின் மச்சினி.

வேண்டாம் என்று சொல்ல உனக்கு எங்கிருந்து தைரியம் வருகிறது? அந்தச் சாயங்காலத்தை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. மழை. அப்பா சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார், வாய் கோணிக்கொண்டு போகிறது. உன் கார் வாசலில் நிற்கிறது, சாவி உன் கையில் இருக்கிறது. "கிளம்புண்ணா"ன்னு கத்துகிறேன். நீ சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "என்னால ஓட்ட முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்றாய். பத்து நிமிடத்தில் போயிருக்கக்கூடிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் எங்கேயோ தண்ணீரில் மாட்டிக்கொண்டது. நாற்பது நிமிடம் கழித்துத் தீயணைப்பு வண்டிதான் வந்தது. இரண்டு பேர் அப்பாவை நாற்காலியோடு கட்டி மூன்று மாடி இறக்கினார்கள். அதில் ஒருத்தி பெண். "பயப்படாதீங்க, மூச்சு சீரா இருக்கு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இறக்கினாள். நீ அப்போது சுவர் ஓரமாக நின்றாய். "சீக்கிரம் வந்திருந்தா கை பிழைச்சிருக்கும்" என்று டாக்டர் சொன்னதையும் நீ கேட்டாய்.

எனக்கு இந்த வேலை வேண்டும் என்று தோன்றியது அந்தப் படிக்கட்டில்தான். உன்னால் வந்த ஆசை என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். கண்ணை விரித்து வைத்து, வளையம் வளையமாக வெளிச்சம் காட்டி, கருவிழியை ஒரு மலையின் வரைபடம் மாதிரி நிறம் போட்டுக் கொடுக்கிறார்கள். வலது நன்றாக இருக்கிறது. இடது கீழ்ப்பக்கம் லேசாகச் சரிவு, ஆரஞ்சு நிறத்தில். "லென்ஸ் போட்டதால இருக்கலாம். எத்தனை நாளா நிறுத்தியிருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு வாரம்" என்றேன். உண்மையில் நான்கு நாள். குளத்து ஆவிக்கு நடுவே கண்ணாடி பனி மூடிவிடுகிறது. ஆழமான பக்கத்தில் தலைகளை எண்ண வேண்டும் எனக்கு. நான் என்ன செய்வேன்?

நீ பதில் சொல்லாததால், ஒன்பதாவது கேள்விக்கு "இல்லை" என்று போட்டுக் கொடுத்துவிட்டேன்.

தங்கை


மார்ச் 16

வாலு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் படிவத்தைத் திரும்ப வாங்கு.

உண்டு. எனக்கு உண்டு.

மேலே உள்ள வரியை நேற்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். இன்று தொடர்கிறேன். எழுத்தில் வந்துவிட்டால் அழிக்க முடியாது. இந்தத் தாள் என் கம்பெனியில் யார் கையிலாவது கிடைத்தால் அன்றோடு என் லைசென்ஸ் போகும். அதை நினைத்துத்தான் நிறுத்தினேன். பிறகு, நீ "இல்லை" என்று போட்டது ஞாபகம் வந்தது.

கருவிழிப் படலம் மெலிந்துபோய், வட்டமாக இருக்க வேண்டியது கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அதுதான் எனக்கு. நாலரை வருடம் முன்பு கண்டுபிடித்தார்கள். கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தது அதற்குத்தான். பிறகு கண்ணாடியால் பிரயோஜனம் இல்லை என்று கெட்டியான ஒரு லென்ஸ் கொடுத்தார்கள். உன் அண்ணிக்கு லென்ஸ் போடுவது தெரியும், ஏன் என்று தெரியாது. அழகுக்குப் போடுகிறேன் என்று கிண்டல் செய்வாள். நானும் சிரித்துக்கொள்வேன். அந்த டாக்டர் அன்றே சொன்னார்: "கூடப் பிறந்தவங்க இருந்தா செக் பண்ணச் சொல்லுங்க. முக்கியமா, லேசர் மட்டும் பண்ணிடக் கூடாது. மெலிஞ்சிருக்கிறதை இன்னும் சீவினா படலமே நிக்காது." நாலரை வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

அந்தச் சாயங்காலம் லென்ஸ் வீட்டில் இருந்தது. கண்ணில் புண் என்று ஒரு வாரம் போடக் கூடாது என்றிருந்தார்கள். லென்ஸ் இல்லாவிட்டால் எனக்கு ஒரு விளக்கு ஏழு விளக்கு. மழையில் கணக்கே கிடையாது. உங்களைப் பார்க்க வரும்போது வெளிச்சத்தில் தட்டுத் தடுமாறி ஓட்டி வந்துவிட்டேன். இருட்டத் தொடங்கியதும் தெருவே கரைந்துவிட்டது. அப்பாவைப் பின்னால் படுக்கவைத்து அந்தத் தெருவில் நான் வண்டியை எடுத்திருந்தால் மூன்று பேரும் போயிருப்போம். இதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். அக்கம்பக்கத்தில் யாரையாவது ஓட்டச் சொல்லி ஓடியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. சாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ எழுதியது சரிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன். ஜனவரியில் ஒரு காலை. கம்பிக் கட்டு ஒன்றைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். தூசி விழுந்து வலது கண் லென்ஸ் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது. கீழே கை காட்டுகிற சிக்னல்காரர் ஒருத்தர்தான். எனக்கு இரண்டு பேர் தெரிந்தார்கள். தப்பான ஆளை நம்பி இறக்கினேன். கட்டு அவருக்கு இரண்டு கை தூரத்தில் விழுந்தது. காற்று தள்ளிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். நம்பினார்கள். அந்த மனிதரும் நம்பினார். மறுநாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

டாக்டரிடம் என் நோயைப் பற்றிச் சொல். என் பெயர் வேண்டாம்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

நேற்று காலை வந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயைப் பற்றி எழுதிய பத்தியை மட்டும் மடித்துக் காட்டினேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "லென்ஸ் நிறுத்தினது நிஜமாவே ரெண்டு வாரமா?" என்றார். பொய் சொல்வது நம் வீட்டுச் சொத்து போலிருக்கிறது. நான்கு நாள் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "இன்னியிலேருந்து மூணு வாரம் லென்ஸ் கண்ணுல படக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. ஏப்ரல் ஒன்பது திரும்ப ஸ்கேன். லென்ஸ் அழுத்தி வந்த சரிவுன்னா அதுக்குள்ள போயிடும். போகலேன்னா பேசுவோம். பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் தியேட்டரை உங்களுக்காக வச்சிருக்கேன்" என்றார்.

லென்ஸ் டப்பாவை அப்பாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன். குளத்தில் இப்போது நான் ஆழமில்லாத பக்கம். கண்ணாடியை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை துடைத்துக்கொண்டு நிற்கிறேன்.

என் கண்ணைப் பற்றி அவ்வளவுதான். இனி உன் கண்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை நான்கு தடவை படித்தேன். நீ எனக்கு உண்மை சொன்னதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நீ அங்கே மேலே உட்கார்ந்திருக்கிறாய். கீழே அந்த மனிதர் நிற்கிறார். நான் தலைகளை எண்ணுகிற வேலைக்காரி, அண்ணா. ஒரு தலை குறைந்தால் என்ன ஆகும் என்று தினமும் நினைத்தே நிற்பவள். நீ இறங்கு. நாளைக்கே.

தங்கை


மார்ச் 25

வாலு,

நீ சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் கொஞ்சம் என் பக்கமும் பார். இன்னும் நான்கு மாடிதான். இரண்டு மாதத்தில் இந்த வேலை முடிந்துவிடும். முடிந்ததும் மேலே ஏற மாட்டேன், கீழே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன். ஜனவரிக்குப் பிறகு ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறேன். தூசிக்கு மூடிய கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். மத்தியானம் ஒரு தடவை லென்ஸைக் கழுவுகிறேன். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். பதினோரு வருடம். இந்த வயதில் போய் யாரிடம் என்னவென்று சொல்லி நிற்பேன்?

இரண்டே மாதம். உன் ஸ்கேன் நல்லபடியாக வர வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணா,

சரிவு போய்விடும் போய்விடும் என்று நானும் கண்ணாடி முன் நின்று தினமும் சொல்லிக்கொள்கிறேன். நீ எழுதிய இரண்டு மாதமும் அதே ஜாதிதான். இரண்டு பேரும் ஒரே மாதிரி ஏமாற்றிக்கொள்கிறோம். ஒரு வித்தியாசம்: நான் ஏமாந்தால் என் கண் போகும். நீ ஏமாந்தால் கீழே நிற்பவரின் உயிர் போகும், அவரைக் கேட்டுக்கொண்டா போகும்?

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டு. ஊரெல்லாம் சொல்வார் என்று நினைத்தாயே, அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டும், "அன்னிக்கு அவன் கை நடுங்கிச்சு. சோபாவுல கிடந்து பாத்தேன். ஏன் நடுங்குதுன்னுதான் தெரியல" என்றார். எனக்கு உன் கை தெரியவில்லை. சாவி மட்டும்தான் தெரிந்தது.

ஏப்ரல் 10 வரை பார்ப்பேன். அதற்குள் நீயே சொல்லாவிட்டால், உன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்கு நான் எழுதுவேன். விலாசம் எடுத்து வைத்திருக்கிறேன். பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள். அதன் பிறகு நீ என்னோடு பேசாமல் போகலாம். இரண்டு வருடம் பழகியதுதான் அது.

தங்கை


ஏப்ரல் 7

வாலு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மேலே ஏறினேன். கோபம் வந்தது. நீ நீச்சல் குளத்தில் நிற்பவள், உனக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள்ளேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஏணியில் பாதி தூரம் ஏறியிருப்பேன். அங்கே ஒரு தட்டு உண்டு, மூச்சு வாங்க நிற்கிற இடம். கீழே பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட் ஒன்று தெரிந்தது. லென்ஸ் சரியாகத்தான் இருந்தது. இருந்தும், ஒன்றுதானா என்று எனக்கு நிச்சயமில்லை. ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டேன். இன்னொரு தடவை பார்த்தேன். அப்படி எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. கீழே இருந்து ரேடியோவில், "என்ன சார், ஏறலையா?" என்று குரல் வந்தது. இறங்கிவிட்டேன்.

முதலில் மேற்பார்வையாளரிடம் போனேன். நோய் என்ன, எத்தனை வருடம் என்று சொன்னேன். ஜனவரியில் அடித்தது காற்று இல்லை என்றும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே கேட்டார். "நாலரை வருஷமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று கிரேனை நிறுத்திவிட்டார்கள். விசாரணை வரும். வேலை இருக்குமா என்று தெரியாது. லைசென்ஸைக் கையோடு வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு சிக்னல்காரரிடம் போனேன். மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லோரும் ஹெல்மெட்தான். பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கியபோதுதான் அவர் தாடி பாதி நரைத்திருப்பதைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். சொல்லி முடித்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இப்ப என் முகம் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"அப்போ பாத்துச் சொல்லுங்க."

பார்த்துச் சொன்னேன். முதல் தடவையைவிட ரொம்ப நேரம் எடுத்தது. கேட்டுவிட்டுப் போய்விட்டார். மன்னித்தாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் உன் அண்ணி அழுதாள், வேலை போய்விடுமே என்று இல்லை. "அழகுக்குப் போடுறேன்னு நான் சிரிச்சப்பல்லாம் நீயும் சிரிச்சியே" என்று அதையே சொல்லி அழுதாள். நேற்று அவளே என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். இடது கண்ணில் இது மேலும் போகாமல் நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கிறதாம். வலது அதையும் தாண்டிவிட்டது. யாரோ ஒருத்தர் தானமாகக் கொடுக்கிற படலத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அதிகாரிக்கு நீ எழுத வேண்டாம். ஒன்பதாம் தேதி என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 10

அண்ணா,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. படித்துவிட்டு, அதிகாரிக்கு எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைக் கிழித்துப் போட்டேன்.

நேற்று ஸ்கேன். மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட லென்ஸ் தொடவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. தூக்கத்தில் கசக்கிவிடுவேனோ என்று கையுறை போட்டுக்கொண்டு படுத்தேன். இயந்திரத்தில் தாடையை வைத்தபோது, சரிவு போயிருக்கும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இடது கண்ணின் கீழே அதே ஆரஞ்சு நிறம், அதே இடத்தில்.

"இப்போதைக்கு இது நோய் இல்ல. நோயா மாறாமலேயும் இருக்கலாம். ஆனா அண்ணனுக்கு இருக்கும்போது நான் இதுல லேசர் வைக்க மாட்டேன்" என்றார். வேறு ஆஸ்பத்திரியில் செய்வார்களா என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன். "உண்மையைச் சொன்னா யாரும் செய்ய மாட்டாங்க" என்றார்.

எழுந்து வரும்போது இன்னொன்று கேட்டேன். "எங்க அண்ணன் அந்த லெட்டர் போடாம இருந்திருந்தா?"

"பண்ணியிருப்பேன். ஜூலையில பலகையை மடமடன்னு படிச்சிருப்பீங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழிச்சுத் திரும்பி வந்திருப்பீங்க. அப்போ என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். யாரைத் திட்டுவது என்று தேடினேன். உன்னைத் திட்டலாம்: நாலரை வருடம் முன்பே சொல்லியிருந்தால் இந்த ஆசையை நான் வளர்த்திருக்கவே மாட்டேன். அதைத் திட்டி முடித்தபோது, நீ சொன்னதால்தான் என் கண் இருக்கிறது என்ற நினைப்பு வந்து நின்றது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அடிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, அழுதால் கண்ணைக் கசக்கத் தோன்றும் என்று அதையும் நிறுத்திவிட்டேன்.

தேர்வுக்கு வரவில்லை என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் காரணம் என்ன என்று கேட்டார். "கண்ணு" என்றேன். முத்திரை குத்தி வைத்துக்கொண்டார். இரண்டு வருட ஆசைக்கு அந்த ஒரு சத்தம்தான். எனக்கு இன்னும் அது முடிந்துவிட்டது போல் இல்லை. காலையில் எழுந்ததும் ஓடப் போவதற்கு ஷூவைத் தேடினேன்.

இதை எழுதும்போது அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார். "அவனுக்கா எழுதுற?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன எழுதின?"

"இன்னும் முக்கியமானது எழுதல."

"எனக்கு அவனைப் பாக்கணும்னு எழுது."

எழுதிவிட்டேன். அண்ணியையும் அழைத்துக்கொண்டு வா. நீ வாசலில் வந்து நின்றதும் நான் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வேன் என்று நினைக்காதே, என்னால் அது இப்போது முடியாது. கதவைத் திறப்பேன். அன்றைக்கு அது மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வா.

வாலு